சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் கார்டு வந்தா எப்படிப் படிக்கறது: கிளம்பியாச்சு, ஆனா இன்னும் போய்ச் சேரல

டாரட்ல, அதாவது படம் போட்ட கார்டுகள எடுத்துப் பலன் பாக்கறதுல, வாழ்க்கை மாற்றம்னு பேச்சு எடுத்தாலே எல்லாரும் டெத் கார்டத்தான் சொல்வாங்க. குதிரை மேல எலும்புக்கூடு, பாத்தவுடனே வயித்தக் கலக்கும், அப்புறம் கார்டு பாத்துச் சொல்ற ரீடர் "பயப்படாதீங்க, இதுக்கு சாவுன்னு அர்த்தம் கிடையாது"ன்னு சமாதானம் சொல்லுவாரு, இதெல்லாம் ஊருக்கே தெரிஞ்ச கதை. இல்லன்னா டவர் கார்டு, கோபுரத்துல இடி விழுது, ரெண்டு பேர் தலைகீழா வர்றாங்க. ஆனா யோசிச்சுப் பாருங்க, நம்மள்ல பல பேருக்கு மாற்றம் இவ்ளோ சத்தமா வர்றதே இல்ல. முடிவெடுத்தாச்சு, சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சு, கிளம்பியும் ஆச்சு, ஆனா புது இடம் இன்னும் வரல, பழைய இடத்து நெனப்பு இன்னும் போகல, அந்த நடுவுல கெடக்கற காலம் இருக்கே அதுதான் உண்மையிலேயே நீளம். டெக்ல, அதான் கார்டுக் கட்டுல, அதுக்குன்னே ஒரு கார்டு இருக்கு. அதுதான் சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஆறு வாள் கார்டு. பல பேரு "நல்ல காலம் வருது, கஷ்டம் முடிஞ்சுது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டு அடுத்த கார்டுக்குப் போயிடறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னு கீழ சொல்றேன்.

முதல்ல எந்த டெக்க வெச்சுப் பேசறேன்னு சொல்லிடறேன். ரைடர் வெயிட் டெக், 1909ல லண்டன்ல வந்தது, ஆர்தர் எட்வர்ட் வெயிட் சொல்லச் சொல்ல பமீலா கோல்மன் ஸ்மித் வரைஞ்சது. மொத்தம் 78 கார்டு, அதுல டெத், டவர் மாதிரி தனிப் பேரு வெச்ச 22 கார்டு மேஜர் ஆர்கானா, மிச்சம் 56 மைனர், அது வாண்ட்ஸ் (கோல்), கப்ஸ் (கோப்பை), ஸ்வார்ட்ஸ் (வாள்), பென்டகிள்ஸ் (காசு)னு நாலு குடும்பமா இருக்கும். அதுக்கு முன்னாடி இருந்த பெரும்பாலான டெக்ல மைனர் கார்டுக்கு கதைப்படமே இருக்காது, ஆறு வாள்னா ஆறு வாள அழகா அடுக்கி வரைஞ்சிருப்பாங்க, அவ்ளோதான். இன்னிக்கு நாம படகு, அக்கரை, கூட யாரு வர்றாங்கன்னு பேச முடியுதுன்னா அதுக்குக் காரணம் பமீலாதான். நீங்க மார்சேய்ங்கற பழைய டெக் வெச்சிருந்தா படகெல்லாம் தேடாதீங்க, இருக்காது. தோத்ங்கற இன்னொரு டெக்லயும் படகு கெடையாது, ஆறு வாளோட முனையும் நடுவுல ஒரே எடத்தப் பாத்து நிக்கும், கீழ சயின்ஸ்னு பேரு போட்டிருக்கும். அது தனி ரூட்டு.

அர்த்தம் தேடறதுக்கு முன்னாடி படத்தப் பாருங்க

கார்டு வந்தவுடனே புக்கத் தொறக்காதீங்க, ஃபோன்ல தேடாதீங்க. ஒரு ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க. என்ன தெரியுது? ஒரு சின்னப் படகு. பின்னாடி ஒருத்தர் நின்னுக்கிட்டு நீளமான கழி போட்டுத் தள்ளறாரு. முன்னாடி போர்வை மாதிரி ஒண்ணப் போத்திக்கிட்டு ஒரு பொம்பள குனிஞ்சு உக்காந்திருக்கு, பக்கத்துல ஒரு குழந்த. படகோட முன்பக்கத்துல ஆறு வாள், முனை கீழ, பிடி மேல, நட்டக்குத்தலா குத்தி நிக்குது. தூரத்துல அக்கரை, மரம் மாதிரி கொஞ்சம் தெரியும். தண்ணியப் பாத்தீங்கன்னா நம்ம வலது கைப் பக்கம் அலை அலையா இருக்கும், இடது பக்கம் கண்ணாடி மாதிரி அசையாம இருக்கும்.

மூணு பேரோட மூஞ்சியும் நமக்குத் தெரியாது. எல்லாரும் முதுகக் காட்டிக்கிட்டுதான் இருக்காங்க. இந்த விஷயம் ரீடிங்ல ரொம்ப முக்கியம். இந்தக் கார்டு வர்றவங்க அழறாங்களா, நிம்மதியா இருக்காங்களான்னு வெளிய இருந்து பாத்துச் சொல்ல முடியாது, பாதி நேரம் அவங்களுக்கே தெரியாது. அதனால கேக்க வந்தவர்கிட்ட "நீங்க இப்ப சோகமா இருக்கீங்க"ன்னு அடிச்சு விடாதீங்க, "அந்தம்மா மூஞ்சி எப்படி இருக்கும்னு நெனைக்கறீங்க?"ன்னு கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்களோ அதுல இருந்து பாதி ரீடிங் தானா வந்துடும். நான் எந்த டெக்னிக்க விட்டாலும் இந்தக் கேள்விய விடமாட்டேன்.

அடுத்தது அந்த வாள். அது படகுல முன்னாடி நிக்குது, அதாவது அந்தம்மாவும் குழந்தையும் நிமிந்து பாத்தா முதல்ல கண்ணுல படறது வாள்தான், அக்கரைய அதுக்கு நடுவுல இருக்கற சந்து வழியாத்தான் பாக்கணும். ஸ்வார்ட்ஸ் குடும்பம்னாலே யோசனை, பேச்சு, சண்டை, முடிவு, மனசுக்குள்ள ஓடற வாக்குவாதம். அப்ப இது என்ன சொல்லுது? எடம் மாறிட்டாங்க, பழைய யோசனை கூடவே வருது, புதுசா வர்ற எதையும் அந்தப் பழைய யோசனை வழியாத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க. புது மேனேஜர் சாதாரணமா "கொஞ்சம் பேசணும்"னு மெசேஜ் போட்டாலே நெஞ்சு படபடக்குதுன்னா, அது பழைய ஆபீஸ்ல இருந்து வந்த வாள்.

சரி, அப்ப வாளப் புடுங்கிப் போட்டுடலாமேன்னு தோணும். இங்கதான் ரீடர்கள் காலங்காலமா சொல்ற ஒரு விஷயம் வருது, வாள் படகோட அடித்தளத்துல குத்தியிருக்கு, புடுங்குனா ஓட்டை, தண்ணி உள்ள வரும். அதனால நடு ஆத்துல எல்லாத்தையும் ஒரேடியா "லெட் கோ" பண்றேன்னு உக்காராதீங்க. சில பயம், சில கோவம் இப்போதைக்கு நம்மளத் தாங்கிக்கிட்டுகூட இருக்கலாம். கரை ஏறுனதுக்கு அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாம், அதுக்கு நேரம் இருக்கு. இந்தக் கார்டு வந்தவங்ககிட்ட "பழச மறந்துடுங்க, பாசிட்டிவா இருங்க"ன்னு சொல்றவங்களப் பாத்தா எனக்கு எரிச்சல்தான் வரும், படத்தையே பாக்காம சொல்றாங்கன்னு அர்த்தம்.

அந்தக் கழியையும் கொஞ்சம் கவனிங்க. துடுப்பு போட்டு வலிக்கற படகு வேற, கழி ஊனித் தள்ளற படகு வேற. கழி தரையத் தொட்டாத்தான் படகு நகரும். அப்படின்னா தண்ணி அவ்ளோ ஆழமில்ல. உள்ள இருக்கறவங்களுக்கு கடல் மாதிரி தெரியலாம், ஆனா கீழ தரை இருக்கு. அதே சமயம் பாயும் இல்ல, காத்து அடிச்சு வேகமா போக வழியும் இல்ல, ஒவ்வொரு ஊனலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். அதனால "எப்ப முடியும்"னு கேக்கறவங்களுக்கு இந்தக் கார்டு குடுக்கற பதில் "மெதுவா, ஆனா நகருது"ங்கறதுதான். தேதி கேட்டா நான் சொல்லமாட்டேன். கோல்டன் டான்னு 1888ல லண்டன்ல ஆரம்பிச்ச ஒரு ரகசியக் குழு, வெயிட்டும் ஸ்மித்தும்கூட அதுல இருந்தவங்கதான், அந்தக் குழு இந்தக் கார்டுக்கு கும்பத்துல புதன்னு கிரகக் கணக்கு போட்டு வெச்சிருக்கு, அத வெச்சு ஜனவரி கடைசி, பிப்ரவரி முதல் வாரம்னு டைம் சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அதுல பெரிய பிடிப்பு இல்ல. ஆனா அதே குழு இந்தக் கார்டுக்கு வெச்ச பட்டப்பேரு எனக்குப் பிடிக்கும், உழைச்சு சம்பாதிச்ச வெற்றிங்கற மாதிரி வரும். ஓசியில கெடச்ச நிம்மதி கெடையாதுன்னு அதுலயே தெரியுது.

இன்னொரு சுவாரசியம். இந்தக் கார்டப் பத்தி வெயிட் எழுதுன விளக்கத்துல சோகமே இல்ல. பயணம் சீரா போகுது, சுமை லேசா இருக்கு, தள்றவரோட சக்திக்கு மீறுன வேலை இல்ல, இப்படித்தான் எழுதியிருக்காரு. அர்த்தம்னு பாத்தா தண்ணி வழியா பயணம், வழி, தூதர், இந்த மாதிரி. ஆனா படத்துல அந்தம்மா தோள் குனிஞ்சிருக்கறதப் பாத்துட்டு யாரும் "லேசான சுமை"ன்னு சொல்லமாட்டாங்க. எழுதுனவர் ஒண்ணு சொல்றாரு, வரைஞ்சவங்க வேற ஒண்ணு காட்டறாங்க. ரெண்டையும் வெச்சுக்கோங்க, தள்றவருக்கு லேசா இருக்கற சுமை உக்காந்திருக்கறவங்களுக்கு லேசா இருக்கணும்னு அவசியமா என்ன.

கேக்கறவர் படகுல யாரு?

எல்லாரும் தானாவே அந்தம்மாதான் நாமன்னு எடுத்துக்கறாங்க, ரீடரும் அப்படியே சொல்லிடறாங்க. அவசரப்படாதீங்க. படகுல மூணு பேர் இருக்காங்க, மூணு எடத்துலயும் வெச்சுப் பாக்கணும்.

படகு தள்றவரா இருந்தா, இவங்க வேற யாரையோ கர சேக்கறாங்கன்னு அர்த்தம். வயசான அம்மா அப்பாவப் பாத்துக்கறவங்க, டிவோர்ஸ்ல இருக்கற ஃப்ரெண்டுக்கு கூட நிக்கறவங்க, டீம்ல பாதிப் பேர வேலைய விட்டு அனுப்பும்போது மிச்சப் பேரத் தேத்த வேண்டிய லீடர், இவங்களுக்கெல்லாம் இந்தக் கார்டு வரும். அப்ப கேக்க வேண்டிய கேள்வி வேற: உங்க கை வலிக்குதா? கொண்டுபோய் விட்டுட்டு நீங்க எங்க திரும்பப் போறீங்க? படகு தள்றவருக்கு அக்கரை வீடு இல்லயே, அவரு திரும்பி வரணும்.

குழந்தையா இருந்தா, முடிவு இவங்களோடது இல்ல. யாரோ எடுத்த முடிவுல இவங்க கூட்டிக்கிட்டுப் போகப்படறாங்க. கம்பெனி ட்ரான்ஸ்ஃபர் போட்டது, வீட்டுல எல்லாரும் எடம் மாறுனது, இந்த மாதிரி. பெரியவங்ககூட இந்த எடத்துல இருப்பாங்க, சொல்ல வெக்கப்படுவாங்க அவ்ளோதான்.

அந்தம்மாவா இருந்தா, முடிவு இவங்களோடது, ஆனா தெம்பு தீந்துபோச்சு, இப்போதைக்கு இன்னொருத்தர் கைய நம்பித்தான் ஆகணும். தன்னோட சேத்து இன்னொரு உயிரையும் கூட்டிக்கிட்டுப் போறாங்க. அந்தக் குழந்தைய நிஜக் குழந்தைன்னும் எடுக்கலாம், மனசுக்குள்ள இருக்கற பயந்த சின்னப் புள்ளன்னும் எடுக்கலாம். ரெண்டாவது அர்த்தத்த எல்லா ரீடிங்லயும் இழுத்துட்டு வராதீங்க, சில நேரம் குழந்தைன்னா குழந்தைதான், ஸ்கூல் மாத்தறதப் பத்திதான் அவங்களுக்குக் கவலையே.

எந்த எடம்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? கேட்டுடுங்க. மூணு பேர்ல நீங்க யாருன்னு நேராவே கேளுங்க. பதில் பெரும்பாலும் ஒரே செகண்டுல வந்துடும், யோசிச்சு ரெண்டாவதா சொல்றது அவங்க இருக்க ஆசப்படற எடம்.

உதவிங்கற விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன். நாலு குடும்பத்தோட ஆறாம் நம்பர் கார்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. கப்ஸ்ல ஒரு சின்ன உருவம் பூ வெச்ச கோப்பைய இன்னொண்ணுக்குக் குடுக்குது, பென்டகிள்ஸ்ல தராசு வெச்சிருக்கறவர் காசு போடறாரு, வாண்ட்ஸ்ல குதிரையில வர்றவருக்கு சுத்தி ஒரு கூட்டம் கூடவே வருது, ஸ்வார்ட்ஸ்ல படகு தள்ளறாங்க. நாலுலயும் ஒருத்தர் தனியா இல்ல. அதனால இந்தக் கார்டு அட்வைஸ் எடத்துல வந்தா நான் முதல்ல சொல்றது "உதவி கேளுங்க"ன்னுதான், அதுவும் வழி தெரிஞ்சவங்ககிட்ட. கவுன்சிலர், வக்கீல், ஏற்கனவே அந்த மாற்றத்தத் தாண்டி வந்த ஒருத்தர், யாரா வேணா இருக்கலாம். ஆத்தக் கடக்கற வரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோன்னு ஒரு பழமொழி இருக்கே, அத எல்லாரும் நன்றி கெட்டதனத்துக்கு சொல்வாங்க, ஆனா இந்தக் கார்டுக்கு அது வேற மாதிரி பொருந்தும். சில உறவு அந்தக் கடக்கற நேரத்துக்கு மட்டும்தான். கூட நின்னவங்கள வாழ்நாள் முழுக்க புடிச்சுக்கிட்டே இருக்கணும்னு குற்ற உணர்ச்சி வேண்டாம், அந்த நேரத்துல கை குடுத்தவர உடனே காதல்னு எடுத்துக்கவும் வேண்டாம். ரிலேஷன்ஷிப் ரீடிங்ல இது அடிக்கடி வருது, பிரிஞ்ச புதுசுல வர்ற ஆளப் பத்திக் கேப்பாங்க, சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸ் விழும். அந்த ஆள் படகு தள்றவரா, இல்ல அக்கரையில வீடு கட்டப் போறவரான்னு இந்த ஒரு கார்டு சொல்லாது, அதுக்கு இன்னொரு கார்டு எடுங்க.

பக்கத்து கார்டு என்ன?

தனிக் கார்ட வெச்சு முழுசா சொல்லிட முடியாது. மூணு கார்ட வரிசையா வெச்சு சேத்துப் படிக்கற ஒரு ஸ்ப்ரெட் எடுத்துக்குவோம். கேள்வி வேலை சம்பந்தமானது. கேக்கறவர் வந்து "வேலைய விடலாமா வேணாமா"ன்னு கேக்கறாருன்னு வைங்க. இப்படிக் கேட்டா டாரட்ல நல்ல பதில் வராது, ஆமா இல்லைங்கறதுக்கு காச சுண்டிப் பாத்தாலே போதுமே. கேள்விய மாத்துங்க: "இந்த வேலைய விட்டு வர்றப்ப நான் கூடவே எதத் தூக்கிட்டு வர்றேன், போற எடத்துல என்ன பண்ணணும்?" இப்ப ஷஃபிள் பண்ணி மூணு எடுக்கறோம். விட்டு வர்றது, நடுவுல இருக்கறது, போற எடம்.

முதல்ல ஃபைவ் ஆஃப் ஸ்வார்ட்ஸ். கிழிஞ்ச மாதிரி மேகம், ஒருத்தன் வாளெல்லாம் பொறுக்கிக்கிட்டு நக்கலா திரும்பிப் பாக்கறான், ரெண்டு பேர் தோத்துப்போய் நடக்கறாங்க. ரெண்டாவது நம்ம சிக்ஸ். மூணாவது எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ், பெஞ்சுல உக்காந்து ஒருத்தர் தட்டித் தட்டி ஒவ்வொரு பென்டகிளா செதுக்கிட்டு இருக்காரு. இத எப்படிச் சேத்துப் படிக்கறது? பழைய ஆபீஸ்ல ஜெயிச்சவனுக்கும் மரியாத இல்லாத ஒரு சண்டை நடந்திருக்கு, இவரு அந்தத் தோத்த ரெண்டு பேர்ல ஒருத்தரா நடந்து வந்திருக்கலாம், இல்ல வாளப் பொறுக்குனதே இவராகூட இருக்கலாம், கேட்டுக்கோங்க. அஞ்சுல கீழ கெடந்த வாளெல்லாம் ஆறுல படகுல நிக்குது, சண்டையில பேசுன வார்த்தை இன்னும் காதுல ஓடிக்கிட்டு இருக்குன்னு எடுத்துக்கலாம். ஆனா மூணாவது கார்டுல வாளே இல்ல, குடும்பமே மாறிடுச்சு, யோசனையில இருந்து கை வேலைக்கு வந்தாச்சு. அதனால நான் சொல்றது இப்படி இருக்கும்: "அந்தச் சண்டையில யார் சரி யார் தப்புன்னு யோசிச்சு முடிக்கணும்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க, அது யோசிச்சுத் தீராது, போற எடத்துல ஒரு ஸ்கில் எடுத்து தெனமும் உக்காந்து கத்துக்கோங்க, அதுலதான் அது கரையும்."

இப்ப அந்த மூணாவது கார்ட மட்டும் மாத்திப் பாப்போம். எய்ட் ஆஃப் பென்டகிள்ஸ் எடத்துல செவன் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தா? ஒருத்தன் அஞ்சு வாளத் தூக்கிட்டு நைசா நழுவுறான், ரெண்டு வாள் பின்னாடியே நிக்குது. அஞ்சு, ஆறு, ஏழுன்னு வரிசையா வந்திருக்கு, குடும்பம் மாறவே இல்ல. கரை வந்துடுச்சு, ஆனா அங்கயும் அதே மறைக்கற வேலை, அதே தந்திரம். இவரு எதையோ முழுசா சொல்லாம கெளம்பறாரு, அது பின்னாடி நிக்கற ரெண்டு வாள் மாதிரி அங்கயே கெடக்கும். நோட்டீஸ் பீரியட், பாதியில விட்ட ப்ராஜெக்ட், சொல்லாம விட்ட உண்மை, எதுன்னு அவருக்குத் தெரியும். மூன் கார்டு வந்தா இன்னும் வேற, அக்கரை எதுன்னே சரியாத் தெரியாம போறாங்க, கெளம்புனது சரி, ஆனா போற எடத்தப் பத்தி சேத்து வெச்சிருக்கற படம் பாதி கற்பனை, இக்கரைக்கு அக்கரை பச்சைங்கறது இங்க நேராவே பொருந்தும், அப்ப விசாரிச்சுட்டு முடிவெடுங்கன்னுதான் சொல்லணும்.

டெத் கார்டோட சேந்து வந்தா பயப்படாதீங்க, ஒண்ணு முடிஞ்சது டெத்து, முடிஞ்சதுக்கு அப்புறம் எப்படிப் போறதுங்கறது சிக்ஸு. எய்ட் ஆஃப் கப்ஸோட கொழப்பிக்கறவங்க நெறைய, ரெண்டுலயும் ஒருத்தர் விட்டுட்டுப் போறாங்கதான். ஆனா அங்க ராத்திரியில தனியா நடந்து போறாரு, கோப்பையெல்லாம் அடுக்கி வெச்சபடியே பின்னாடி இருக்கு, எதையும் எடுத்துக்கல, மனசு நெறையலன்னு போறாரு. இங்க தனியாவும் இல்ல, வெறுங்கையாவும் இல்ல. கேக்கறவர் "எனக்கு அங்க எந்தக் குறையும் இல்ல, ஆனா போதும்னு தோணுது"ன்னு சொன்னா அது எய்ட் ஆஃப் கப்ஸோட கதை. "அங்க இருக்க முடியல"ன்னு சொன்னா அது படகு.

வெளிநாடு போவேனான்னு கேட்டா

இந்தக் கார்டுன்னா இந்தக் கேள்வி வராம இருக்காது. தண்ணி, படகு, அக்கரை எல்லாம் பாத்துட்டு விசா வந்துடும்னு சொல்ற வீடியோ ஆயிரம் இருக்கு. பழைய அர்த்தத்துல தண்ணி வழிப் பயணம் இருக்கறது உண்மைதான், அதனால முழுசா தள்ளிடவும் முடியாது. நான் வெச்சுக்கற கணக்கு இதுதான்: கேள்வியே பயணத்தப் பத்தினதா இருக்கணும், கூடவே த்ரீ ஆஃப் வாண்ட்ஸ், சேரியட், வேர்ல்டு மாதிரி ஏதாவது ஒண்ணு வரணும், அப்பத்தான் நிஜப் பயணம்னு பேச்ச எடுப்பேன், அதுவும் "பேப்பர் வேலை சரியா இருக்கான்னு பாத்துக்கோங்க"ன்னு முடிப்பேன். விசா குடுக்கறது கார்டு இல்ல. அதே மாதிரி உடம்பு, கேஸு இதுலயும் முடிவு சொல்லாதீங்க, டாக்டரும் வக்கீலும் எதுக்கு இருக்காங்க.

இன்னொண்ணு கொஞ்சம் சீரியஸா. வீட்டுல அடி, மிரட்டல்னு இருக்கற ஒருத்தருக்கு இந்தக் கார்டு வரும், அம்மாவும் குழந்தையும் படகுல போற படம், பாத்தவுடனே அவங்க கண்ணு கலங்கிடும். அந்த எடத்துல "கார்டே சொல்லிடுச்சு, இன்னிக்கே கெளம்புங்க"ன்னு டயலாக் விடாதீங்க, கெளம்பற நேரம்தான் பல பேருக்கு ஆபத்தான நேரமா ஆயிடும். கார்ட மூடி வெச்சுட்டு, நம்பகமான ஆள், ஹெல்ப்லைன், பாதுகாப்பா கெளம்பறதுக்கு ஒரு ப்ளான், இதப் பத்திப் பேசுங்க. படகு தள்றவருக்கு ஆத்தோட வழி தெரிஞ்சிருக்கணும், உங்களுக்குத் தெரியாதுன்னா தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பிடுங்க.

தலைகீழா வந்தா

ரிவர்ஸ்டு பாக்கறதே இல்லன்னு இருக்கற ரீடர்கள் உண்டு, அதுவும் சரிதான், ஷஃபிள் பண்றப்பவே எல்லாத்தையும் நேரா வெச்சுக்கோங்க. பாக்கறவங்களுக்கு மட்டும் இது. தலைகீழான சிக்ஸ் ஆஃப் ஸ்வார்ட்ஸுக்கு புக்குல பத்து அர்த்தம் இருக்கும், மனப்பாடம் பண்ணாதீங்க. படகு எங்க மாட்டியிருக்குன்னு மட்டும் பாருங்க. கெளம்பவே இல்லயா, நடு ஆத்துல நிக்குதா, திரும்பி வருதா? கெளம்பலன்னா ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் நெலம, பக்கத்துல டூ ஆஃப் ஸ்வார்ட்ஸ், ஹேங்டு மேன் மாதிரி கார்டு இருக்கும். திரும்பி வருதுன்னா பழைய ஆளுக்கு மறுபடி மெசேஜ் போயிருக்கும், பக்கத்துல சிக்ஸ் ஆஃப் கப்ஸ் வந்து பழைய நெனப்பக் காட்டிக் குடுத்துடும், டெவில் வந்தா விட முடியாத பழக்கம். திரும்பி வர்றது எப்பவும் தோல்வின்னு சொல்லிடாதீங்க, தப்பான கரைக்குப் போயிட்டு இருந்த படகு திரும்புனா அது நல்லதுதான்.

வெயிட் தலைகீழுக்குக் குடுத்த அர்த்தம் இது எதுவுமே இல்ல, வெளிப்படையா சொல்றது, ஒத்துக்கறது, ஊரறியத் தெரியறது, இந்த ரீதியில போகும். இத இன்னிக்கு யாரும் பெருசா கண்டுக்கறதில்ல, ஆனா எனக்கு இது அப்பப்ப ரொம்ப உதவியா இருக்கு. குறிப்பா யாருக்கும் தெரியாம மாற்றத்த நடத்திக்கிட்டு இருக்கறவங்களுக்கு, வீட்டுல சொல்லாம வேலைய விட்டவங்களுக்கு, தலைகீழா விழுந்தா "இத இனிமே மறைச்சு வெக்க முடியாது போல, யாருகிட்ட முதல்ல சொல்லப் போறீங்க?"ன்னு கேப்பேன்.

தனக்குத் தானே பாத்துக்கறவங்களுக்கு

கார்ட மேஜையில வெச்சுட்டு ஒரு பேப்பர் எடுங்க. ஆறு கோடு போடுங்க, ஒவ்வொண்ணும் ஒரு வாள். பழைய எடத்துல இருந்து கூடவே வர்ற யோசனைய ஒவ்வொரு கோட்டுலயும் ஒரு வரியா எழுதுங்க, ஆனா "பயம்", "கோவம்"னு ஒத்த வார்த்தை வேணாம், முழு வாக்கியமா எழுதுங்க. "என்ன மாதிரி ஆளுக்கு வேற எங்கயும் வேலை கெடைக்காதுன்னு அவர் சொன்னது", "வீட்டுச் செலவுக்கு நாலு மாசம்தான் தாங்கும்", இந்த மாதிரி. மூணு நாலு சட்டுனு வந்துடும், அஞ்சாவதும் ஆறாவதும் வர லேட்டாகும், அதுக்காக உக்காந்திருங்க, முக்கியமானது பெரும்பாலும் அங்கதான் இருக்கும்.

எழுதிட்டு ஒவ்வொண்ணையும் பாத்து ஒரே கேள்வி: இத இப்பவே புடுங்குனா தண்ணி உள்ள வருமா? மேல சொன்னதுல "நாலு மாசம்தான் தாங்கும்"ங்கறத புடுங்காதீங்க, அந்தக் கவலதான் உங்கள கண்டபடி செலவு பண்ண விடாம வெச்சிருக்கு, அது அப்படியே நிக்கட்டும். அந்த ஆள் சொன்ன வார்த்தைய எடுத்தா ஒண்ணும் ஒழுகாது, அது சும்மா கண்ண மறைச்சுக்கிட்டு நிக்குது. அப்படி ஒழுகாதது ஒண்ணே ஒண்ண மட்டும் தேர்ந்தெடுங்க. ஆறையும் ஒரே நாள்ல பண்றேன்னு எறங்காதீங்க.

அப்புறம் இந்தக் கார்டு திரும்பத் திரும்ப வந்தா என்ன பண்றதுன்னு கேப்பாங்க. ஒவ்வொரு வாரமும் எடுத்தா ஒவ்வொரு வாரமும் வரலாம், மாற்றம் நீளமா போறப்ப அது சகஜம், உடனே ஏதோ சாபம், தோஷம்னு போகாதீங்க. பழைய பேப்பர எடுத்து அந்த ஆறு வரியையும் புதுசா எழுதிப் பாருங்க, வரி மாறியிருந்தா படகு நகருது. ஒரு வரிகூட மாறாம அதே ஆறு இருந்தா கார்டு எடுக்கறதக் கொஞ்ச நாள் நிறுத்திடுங்க, டெக்க எடுத்து உள்ள வெச்சுட்டு, படகு தள்ளத் தெரிஞ்ச ஒரு ஆளுக்கு ஃபோன் பண்ணுங்க.